கடைப் பாட்டும் கபடிப் பாட்டும்

நான் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த தி.நகர் ஜவுளிக்கடைக்குப் போன மாதம் துண்டு வாங்கப் போயிருந்தேன். வாசலில் நான் நின்ற இடத்தில் இப்போது ஒரு ஸ்பீக்கர் பெட்டி நிற்கிறது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் "உங்கள் வருகைக்கு நன்றி" என்கிறது. இன்னும் படியே ஏறவில்லை, அதற்குள் நன்றி. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பெட்டியோடு சண்டை போட முடியாது என்பதால் உள்ளே போய் சூப்பர்வைசரோடு போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, நான் கபடி ஆடித்தான் இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன் என்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டார். விற்பனைப் பெண்கள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டுத் துண்டு வாங்காமலே வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அங்கே சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. முதலாளி இருந்திருந்தால் போடச் சொல்லி அடம்பிடித்திருப்பார், விளம்பரம் ஆயிற்றே.

உண்மைதான். அறுபதுகளின் கடைசியில் எங்கள் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் கடை போட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்போம். ஊரில் சடுகுடு ஆடி முன்பல் ஒன்றைப் பறிகொடுத்தவர். சென்னையில் பெரிய ஆபீஸ்கள் விளையாட்டுக்காரர்களை வேலைக்கு எடுத்து டீம் நடத்துவதைப் பார்த்திருக்கிறார். பகலில் ஃபைல், சாயங்காலம் ஆட்டம். ஆபீஸ்காரன் நடத்தலாம், ஜவுளிக்கடைக்காரன் நடத்தக் கூடாதா என்று அவருக்குத் தோன்றிவிட்டது. கடையில் பாதிப் பங்கு ஊரிலிருந்த அவருடைய அண்ணனுடையது. அவர் இது வேண்டாத வேலை என்று கடிதம் எழுதினார். அண்ணாச்சி அதைப் படித்து மடித்து வைத்துவிட்டு ஆள் பிடிக்கக் கிளம்பினார்.

அதில் அவருக்கு ஒரு யோசனை இருந்தது. கபடியில் எதிராளி பக்கம் போகிறவன் "கபடி கபடி" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அதற்குப் பெயர் பாட்டு. பாட்டு அறுந்தால் ஆள் அவுட். ஜவுளிக்கடை வாசலிலும் ஒருவன் நின்றுகொண்டு தெருவில் போகிறவர்களை மூச்சு விடாமல் கூப்பிட வேண்டும். ஆகவே நன்றாகப் பாடுகிறவன் நன்றாகக் கூப்பிடுவான். இதை அவர் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நாங்களாகப் புரிந்துகொள்வதற்குள் ஒரு தீபாவளி முடிந்துவிட்டது.

நான் மந்தைவெளிக்காரன். எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அது என்னை ஏற்கவில்லை. மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நான் ஆடுவதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி கடைக்கு வரச் சொன்னார். போனேன். கவுண்டருக்குப் பின்னால் நின்று மீட்டர் கோலையும் ஒரு பீஸ் மல் துணியையும் எடுத்துக்கொண்டு "பாடுலே" என்றார். நான் ஆரம்பித்ததும் அவர் துணியை அளக்க ஆரம்பித்தார். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர், கோலின் நுனியில் கட்டைவிரலை வைத்து, அவசரமே இல்லாமல். என் மூச்சு அறுந்த இடத்தில் துணியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "பதினாலே கால்" என்றார். அதுதான் என் இன்டர்வியூ. அன்றிலிருந்து கடையில் எங்கள் எல்லோருடைய மூச்சும் மீட்டரில்தான்.

எனக்கு அடுத்து நின்றவன் ஏகாம்பரம். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வந்தவன், என் வயசுதான், அகலம் மட்டும் என்னைப்போல் இரண்டு மடங்கு. அவன் மூச்சு மூன்று மீட்டரில் நின்றுவிட்டது. அண்ணாச்சி கோலைக் கீழே வைக்கப் போனார். ஏகாம்பரம், "நான் பாடறவன் இல்ல நைனா, புடிக்கறவன். கைய கொஞ்சம் குடு" என்று கவுண்டருக்கு மேலாக அவர் மணிக்கட்டைப் பிடித்தான். அண்ணாச்சி கையை உருவப் பார்த்தார். கவுண்டர்தான் நகர்ந்தது. அப்படி அவனுக்கும் வேலை கிடைத்தது.

ஏழு பேர் சேர்ந்ததும் டீம் ஆயிற்று. விற்காமல் கிடந்த உள்பாவாடைத் துணியில், ரோஸ் நிறத்தில், பனியன் தைத்துக் கொடுத்தார். நகரத்தில் எங்களுக்குப் பாவாடை டீம் என்று பெயர் விழ ஒரே ஒரு ஆட்டம் போதுமானதாக இருந்தது. அண்ணாச்சி அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, எந்தக் கடைப் பாவாடை என்று கேட்கத்தானே போகிறார்கள் என்றார். மானேஜர், சேஷாத்ரி. மயிலாப்பூர் தெற்கு மாடவீதிப் பக்கம் வீடு, ஒரு வக்கீலிடம் குமாஸ்தா, கபடி ஆடியதே இல்லை, ஆனால் விதிப் புத்தகம் தலைகீழ்ப் பாடம். காலை ஐந்தரைக்குப் பயிற்சி, ஒன்பதுக்குக் கடை, சாயங்காலம் ஆட்டம் இருந்தால் மைதானம். இரண்டு வருஷத்தில் நகர லீக் போட்டியில் மூன்றாம் பிரிவிலிருந்து இரண்டாவதற்கும், அங்கிருந்து முதல் பிரிவுக்கும் ஏறினோம். அந்த இரண்டு வருஷத்தில் என் முட்டியில் இருந்த தோல் வேறு, இப்போது இருக்கும் தோல் வேறு.

வாசல் வேலையைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு அதை வேலை என்றே யாரும் நினைப்பதில்லை. வலது பக்கம் நிற்க வேண்டும், ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். யாரையும் தொடக் கூடாது, யார் வழியையும் மறிக்கக் கூடாது. மூன்று கடை தள்ளி வரும்போதே ஆரம்பிக்க வேண்டும். அந்த அம்மாளின் கால் நம் வாசற்படியைத் தாண்டி உள்ளே விழுகிற வரை நிறுத்தக் கூடாது. நடுவில் மூச்சு வாங்கினால் அந்த இடைவெளியில் பக்கத்துக் கடைக்காரன் குரல் நுழைந்துவிடும். சொல்ல வேண்டியதை அண்ணாச்சியே எழுதியிருந்தார்: "வாங்கம்மா வாங்க, வாங்கக்கா வாங்க, பாத்துட்டுப் போங்க, எடுத்தா எடுங்க, வாங்கம்மா வாங்க." கொட்டை எழுத்தில் எழுதி, கடைசியில் தன் கையெழுத்தையும் போட்டு என்னிடம் கொடுத்தார். ஒரு எழுத்து மாற்றினால் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிடுவார். ஒரு நாள் "எடுத்தா எடுங்க" என்பதை "எடுக்காட்டியும் பரவால்ல" என்று அழகுபடுத்திவிட்டேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரம் முழுக்க என்னை நிற்க வைத்து மூலத்தைப் பாராயணம் செய்ய வைத்தார்.

அவர் யாரையும் சத்தம் போட்டுத் திட்டி நான் பார்த்ததில்லை. தப்புச் செய்தவனைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திவிட்டு, துணி அளந்துகொண்டே இருப்பார். ஐந்து மீட்டர், பத்து மீட்டர். நாமே தாங்காமல் ஒப்புக்கொண்டதும், "சரி, போலே" என்பார். அளந்த துணியைத் திரும்பச் சுற்றி வைக்கிற தண்டனையும் நமக்குத்தான்.

நான் வாசலில் பிழைத்துக்கொண்டேன். மற்ற ஐந்து பேரும் ஷர்ட் பிட், வேட்டி, பாவாடை என்று ஆளுக்கொரு கவுண்டரில் ஒட்டிக்கொண்டார்கள். ஏகாம்பரம் மட்டும் எங்கேயும் ஒட்டவில்லை. புடவை மடிக்கச் சொன்னால் சுருட்டினான். பெண்கள் விலை கேட்டால் கூரையைப் பார்த்துப் பதில் சொன்னான். ஒரு தீபாவளிக் கூட்டத்தில் அபிராமபுரத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் பட்டு பார்த்துக்கொண்டிருந்தார். கூட வந்த அவருடைய கணவர், ரிடையரான தாசில்தார், நைசாக வெளியே நழுவப் பார்த்தார். கணவர் போனால் வியாபாரமும் போய்விடும் என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். "ஏலே, அவர விட்டுறாத" என்று ஏகாம்பரத்தின் காதில் சொன்னார். பேச்சுக் கொடு என்று அர்த்தம். ஏகாம்பரத்துக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான். தாசில்தாரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தான், பிடித்தபடி இருபது நிமிஷம் நின்றான். தாசில்தார் முதலில் அதட்டினார், பிறகு கெஞ்சினார், பிறகு அமைதியாகிவிட்டார். அந்த அம்மாள் நிதானமாக நாலு புடவை எடுத்தார். அடுத்த பொங்கலுக்கு வந்தபோது, அந்தப் பையன் இருக்கானா என்று விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

ஆனால் ஒரு தாசில்தாரை வைத்துக்கொண்டு ஒருவனுக்கு நிரந்தர வேலை கொடுக்க முடியாது. எழுபதுகளின் தொடக்கத்தில், முதல் பிரிவில் எங்களுக்கு இரண்டாவது வருஷம், வரிசையாகத் தோற்றோம். ஊரிலிருந்து அண்ணனின் கடிதம் வந்தது. காலையில் சாம்பிராணி போட்டு முடிந்ததும் அண்ணாச்சி எங்களைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். முதல் பிரிவில் இருக்கிற வரைக்கும்தான் டீம். கீழே இறங்கினால் டீமைக் கலைத்துவிடுவதாக அண்ணனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். கவுண்டரில் வேலை தெரிந்தவர்கள் இருக்கலாம், ஆட்டத்துக்கு மட்டும் என்று இருப்பவர் போக வேண்டியதுதான். அவர் யாரையும் பார்க்காமல் சொன்னார். நாங்கள் எல்லோரும் ஏகாம்பரத்தைப் பார்த்தோம்.

அவனுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் கொட்டிவாக்கம் குப்பத்துப் பெண். அவள் அப்பா முதலில் மாட்டேன் என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளைக்கு தி.நகரில் ஜவுளிக்கடை உத்தியோகம் என்று கேள்விப்பட்ட பிறகுதான் இறங்கி வந்தவர். வேலை போனால் அந்தச் சம்பந்தம் நிற்காது. மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். அதில் ஜெயித்தால் முதல் பிரிவில் தங்கிவிடலாம்.

அந்த ஆட்டம் வந்து விழுந்தது ஆடி மாதத்தில். தள்ளுபடி போட்டுப் பதினோராவது நாள். பதினோரு நாளும் காலை ஒன்பதிலிருந்து நான் வாசலில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருக்கிறேன். தூக்கத்தில்கூட வாங்கம்மா வாங்க என்று சொல்கிறேன் என்று வீட்டில் எல்லோரும் அடுத்த அறைக்குப் படுக்கப் போய்விட்டார்கள். அன்று நாலு மணிக்குத்தான் எங்களை விட்டார்கள். வாசலிலிருந்து நேரே பஸ், பஸ்ஸிலிருந்து நேரே மயிலாப்பூர் மைதானம், அதே ரோஸ் பனியன்.

எதிரணி ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையின் டீம். இரும்போடு பழகியவர்கள். அவர்கள் கேப்டன் கை கொடுத்தபோதே என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நடுவர் ஒரு டிரில் மாஸ்டர், "கவடி" என்று சொன்னவனையெல்லாம் பாதி வழியில் திருப்பி அனுப்பிய புண்ணியவான். ஏகாம்பரம் அன்று பிடித்த பிடிகளை இன்றைக்கும் என்னால் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும். அவன் பிடித்தவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் போகவில்லை. ஆனால் முடிகிற நேரத்தில் அவனும் அவுட்டாகி வெளியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நாங்கள் ஒரு புள்ளி பின்னால். கடைசிப் பாட்டு என்னுடையது.

கபடி கபடி என்று நன்றாகத்தான் போனேன். கேப்டனின் தோளைத் தொட்டேன். திரும்புவதற்குள் அவர் என் காலைப் பிடித்துவிட்டார். மேலே இன்னொருவர், இடுப்பில் ஒருவர், கழுத்தில் ஒருவர், மொத்தம் நாலு பேர். பிடிபட்டவன் பாட்டு அறுபடாமல் நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் பிடித்த அத்தனை பேரும் அவுட். கோடு ஒரு முழம் தூரத்தில் தெரிகிறது. நான் மண்ணில் நீந்துகிறேன். மண்டைக்குள் ஒன்றுமில்லை. ஓர் அடி வைத்தால் உள்ளே, அதுவரை நிறுத்தாதே என்பது மட்டும்தான் இருந்தது. வாய் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கால் பிடி திடீரென்று கொஞ்சம் தளர்ந்தது. கையை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் குதித்தார்கள். ஏகாம்பரம் ஓடி வந்து என்னைத் தூக்கினான். அவன் தோளில் இருக்கும்போதுதான் நடுவரின் விசில் கேட்டது. என்னைக் காட்டி அவுட் என்று கையை உயர்த்தினார். "பாட்டு மாறிப்போச்சு" என்றார். கடைசியில் நான் சொன்னது கபடி இல்லை என்று தனக்குச் சந்தேகமாக இருப்பதாகச் சொன்னார்.

சேஷாத்ரி விதிப் புத்தகத்தோடு உள்ளே வந்துவிட்டார். வக்கீலிடம் இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்ததன் பலனை அன்று எல்லோரும் பார்த்தோம். "கபடின்னு சொல்லணும்னு போட்டிருக்கு, நான் இல்லேங்கலை. கூட வேற ஒண்ணும் சொல்லப்படாதுன்னு எங்கே போட்டிருக்கு, காமிங்கோ பாப்போம்" என்றார். நடுவர் புத்தகத்தை வாங்கவில்லை. கூச்சலில் தனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்றும், ஆடினவன் சொல்வதைத் தான் நம்புவதாகவும் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொன்னே? உண்மையைச் சொல்லு."

எனக்குத் தெரியும். கோட்டைத் தொட்ட அந்த நொடியில் என் வாயில் இருந்தது "வாங்கக்கா வாங்க". ஏகாம்பரம் என் பக்கத்தில் நின்றான். அவன் என்னைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதுவரை மைதானத்தில் பொய் சொன்னதில்லை.

"கபடின்னுதான் சொன்னேன் சார்" என்றேன்.

நடுவர் தலையை ஆட்டினார். தீர்ப்பை மாற்ற விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். அப்போதுதான் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி எழுந்து வந்தார். வேட்டியைத் தழைய விட்டுக்கொண்டு, கல்லாவிலிருந்து எழுந்து வருகிற அதே நடை.

"அய்யா, அவன் வாங்கன்னுதான் கூப்பிட்டான். அது நான் எழுதுன பாட்டு, எனக்குத் தெரியாதா?" என்றார்.

சேஷாத்ரி புத்தகத்தை மூடினார். நாங்கள் தோற்றோம், கீழே இறங்கினோம், டீம் அன்றோடு முடிந்தது. பட்டறை கேப்டன் என்னிடம் வந்து, நான் வாங்க என்றதும் யாரோ விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்ததாகவும் அதனால்தான் கை தளர்ந்துவிட்டதாகவும் வெட்கத்தோடு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் அண்ணாச்சியின் பின்னாலேயே போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக அவரை அதட்டிக் கேட்டேன்.

"நீ யாருக்காகச் சொன்னன்னு தெரியும்லே. ஆனா நம்ம கடைப் பாட்ட ஊர் முன்னாடி இல்லன்னுட்டியே, அத எப்படில கேட்டுக்கிட்டு இருக்கது?" என்றார். பஸ் வந்தது, ஏறிவிட்டார்.

மறுநாளிலிருந்து ஏகாம்பரம் கடைக்கு வரவில்லை. நான் அண்ணாச்சியோடு பேசவில்லை. வாசலில் நின்று வாங்க என்றேன், ஆனால் கேட்டவர்கள் ஒதுங்கிப் போகிற மாதிரி சொன்னேன். அவர் கல்லாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், எழுந்து வரவில்லை. ஐந்தாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அடையாற்றங்கரைக்குப் போனேன்.

ஏகாம்பரம் குடிசை வாசலில் உட்கார்ந்து மண்ணெண்ணெய் விட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். முழங்கை வரைக்கும் கிரீஸ். விஷயம் என்னவென்றால், ஆட்டத்துக்கு மறுநாள் விடியற்காலையிலேயே அண்ணாச்சி அந்தச் சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். அவனை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு ஈக்காட்டுத்தாங்கல் போய், அந்தப் பட்டறை முதலாளியிடம், இவன் பிடித்தால் விடமாட்டான், சந்தேகமிருந்தால் உங்கள் ஆட்களைக் கேளுங்கள் என்று சொல்லி நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். காலை ஷிப்ட், வேலை நிரந்தரம், ஆட்டமும் உண்டு. கொட்டிவாக்கத்து மாமனார் மட்டும், ஜவுளிக்கடை என்றால் பெண்ணுக்குப் புடவைக் கவலை இருக்காது என்று நினைத்தேனே, இப்போது நட்டும் போல்ட்டுமா கட்டிக்கொள்வாள் என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தாராம். முகூர்த்தப் புடவை கடையிலிருந்து வந்துவிடும் என்று அண்ணாச்சி ஆள் விட்டுச் சொன்னதும் அதுவும் சரியாகிவிட்டது.

இவ்வளவையும் அவன் கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுகை வந்துவிட்டது. காலையில் ஐந்தரைக்கு இனி அவன் வரமாட்டான். என் வாய் அந்த ஒரு நொடி தடம் மாறாமல் இருந்திருந்தால் எல்லாம் அப்படியே இருந்திருக்கும். மன்னித்துக்கொள்ளடா, அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது என்றேன்.

ஏகாம்பரம் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அட வுடு மச்சி. நாலு தடியனுங்க மேல ஏறி குந்திகினு கீறானுங்க, ஒருத்தன் கய்த்த நெரிச்சிகினு கீறான், அப்பக்கூட நீ மரியாதையா வாங்கக்கான்னுதான கூப்ட்ட? அந்த எடத்துல நான் இருந்தா வாயில இன்னா வந்துருக்கும்னு நெனச்சிப் பாரு. பொம்பளைங்கல்லாம் வேற வந்து பாத்துகினு இருந்தாங்க" என்றான்.